மூச்சு முந்தியது, எலும்பு பிந்தியது

பயிற்சியின் ஐந்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. பூட்ஸ் லேஸை இறுக்கக் குனிந்தபோது இடது கால் முன்னெலும்பின் மேல் கட்டைவிரல் தற்செயலாக அழுந்திவிட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, எலும்பின் உள்பக்க ஓரத்தில், சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒரே ஒரு இடம். அதற்கு மேலே அமுக்கினால் ஒன்றுமில்லை, கீழே அமுக்கினாலும் ஒன்றுமில்லை. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் நின்றேன். அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும். சொல்லாததால் ஏழு மாதம் போயிற்று.

நான் ராணுவத்தில் சேரும் முன்பே ஓடிக்கொண்டிருந்தவன். தினமும் 5 கிலோமீட்டர், மண் தரையில், மெத்தென்ற ஷூ போட்டுக்கொண்டு. அதனால் முகாமில் காலை ஓட்டமும் 5 கிலோமீட்டர்தான் என்று கேட்டபோது உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. நான் கணக்கில் எடுக்காதது மிச்ச நாளை. சாப்பாட்டுக் கூடத்துக்கு அணிவகுத்துப் போக வேண்டும், சுடுதளத்துக்கு டபுள்-அப் (வரிசையாக ஓட்டநடை), மைதானத்தில் இரண்டு மணி நேரம் கான்கிரீட்டில் காலை ஓங்கி அறைந்து டிரில், சாயங்காலம் முதுகுப்பையோடு ஒரு நடை. யாருமே கூட்டிப் பார்க்காத அந்தக் கிலோமீட்டர்கள்தான் காலை உடைத்தன. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் தரை உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசையைத் திருப்பி அடிக்கிறது. 65 கிலோ ஆளுக்கு ஒரு காலில் 130 முதல் 195 கிலோ. 5 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு காலும் இதைச் சுமார் 2,500 தடவை வாங்குகிறது. பை ஏறினால் இதுவும் ஏறும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஓடி முடித்தபோது மூச்சு வாங்கவே இல்லை. பக்கத்தில் ஓடி வந்தவனிடம் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன், அதுகூட அப்போதுதான் உறைத்தது. உடம்பு தயாராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தயாரானது இதயமும் ரத்தமும் மட்டும். கடும் பயிற்சி தொடங்கிய ஒரு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் அளவு கூடுகிறது. தசை சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். எலும்பு அந்த வேகத்தில் வராது.

எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் முறையே கொஞ்சம் விசித்திரமானது. புதிய சுமை வந்ததும், அடிபட்ட பழைய எலும்பை ஒரு வகை செல்கள் முதலில் அரித்து எடுக்கின்றன. அதற்கு இரண்டு மூன்று வாரம். அந்தப் பள்ளத்தை இன்னொரு வகை செல்கள் நிரப்பி இறுக்க ஏறக்குறைய மூன்று மாதம். நடுவில் இருக்கும் காலத்தில் எலும்பு முன்பைவிட உறுதி குறைந்து நிற்கிறது. தோண்டிப் போட்ட சாலையை மூடாமல், அதே சாலையில் லாரிகளை இருமடங்காக விடுவது மாதிரி. மூச்சு சுலபமானதும் வேகத்தைக் கூட்டுகிறோமே, அந்த மூன்றாம், நான்காம் வாரமும் இந்தப் பள்ளமும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. இதை அன்றைக்கு யாராவது ஒரு கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கலாம்.

இதில் புதுசாக எதுவும் இல்லை. பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-லேயே, நெடுநடை போன சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். ஏன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எக்ஸ்ரேயே 1895-ல்தான் வந்தது. 1897-ல் அப்படி ஒரு பாதத்தைப் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. மார்ச் ஃப்ராக்சர், அதாவது அணிநடை முறிவு, என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். இன்றைக்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது ஓயாத சுமையால் விழும் விரிசல், என்கிறோம்.

சரி, ஏன் சொல்லவில்லை? ஆறாம் வாரம் தேர்வு இருந்தது. அதில் தவறினால் பேட்ச் போய்விடும், அடுத்த பேட்ச்சோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடவே, மருத்துவ அறைக்குப் போகிறவனுக்கு எங்கள் பாரக்ஸில் ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதை இங்கே எழுத முடியாது. இரண்டு வாரமாகவே இரண்டு முன்னங்கால்களும் வலித்துக்கொண்டுதான் இருந்தன, எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. இதுவும் அதுதான் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஐபுப்ரோஃபென் போட்டேன். அது வலியை மட்டும்தான் மறைத்தது. வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வலி தன் வரிசையில் ஒழுங்காக வந்தது. முதலில் ஓட்டம் முடிந்த பிறகு. அடுத்து ஓட்டத்தின் கடைசியில். பிறகு முதல் அடியிலிருந்தே. கடைசியாக இரவில், படுத்திருக்கும்போது, தாளம் போடுவது மாதிரி விண் விண் என்று. நாலாவது நிலைக்கு வந்த பிறகும் நான் 10 கிலோமீட்டர் சுமை ஓட்டத்துக்குக் கிளம்பினேன். ஏழாவது கிலோமீட்டர் வாக்கில், ஒரு சிறு இறக்கத்தில், இடது கால் என் எடையை வாங்கவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கால் மடங்கியது, உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. "எலும்பு நல்லாத்தான் இருக்கு, நாலு நாள் ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிட்டார்கள். இது எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்: இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு தன்னைத் தானே ஒட்டவைக்கத் தொடங்கி, அந்த இடம் தடித்த பிறகுதான் கோடு தெரியும். எம்.ஆர்.ஐ. முன்னாலேயே காட்டிவிடும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற சீட்டோடு திரும்பி வந்த என்னை ஸ்குவாடில் நடிகன் என்றார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் கொடுமை. நாலு நாள் கழித்து மறுபடி ஓடினேன்.

இரண்டாவது முறை போனபோது அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். அவர் எடுத்த எடுப்பில் காலைத் தொடவில்லை. "எங்கே வலிக்குதுன்னு காட்டுங்க தம்பி" என்றார். நான் ஆள்காட்டி விரலை நீட்டி அந்தப் பொத்தான் இடத்தைக் காட்டினேன். "உள்ளங்கையால தடவிக் காட்டியிருந்தா நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்" என்றார். முன்னெலும்பின் ஓரம் நெடுக, ஒரு சாண் நீளத்துக்குப் பரவி வலித்து, ஓட ஓடக் கொஞ்சம் அடங்கினால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். சுமையைக் குறைத்தால் போதும். ஒரே புள்ளியில் வலித்து, ஓட ஓடக் கூடினால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஒற்றைக் காலில் ஒரு தடவை குதிக்கச் சொன்னார். குதிக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் கோடு தெளிவாக இருந்தது, எலும்பின் அகலத்தில் பாதி வரை.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது என் காலைப் பற்றியது இல்லை என்றாலும் எழுதிவிடுகிறேன். தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, அந்தக் காலை ஊன்றும்போது கூடினால், அதற்கு மேல் ஒரு அடிகூட ஓடக் கூடாது. இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டு, அது நகர்ந்துவிட்டால் ஆபரேஷன்தான். சிலருக்கு மூட்டே கெட்டுப்போகும். இதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

ஊன்றுகோல், ஓய்வு, பிறகு நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடை. பேட்ச் போயிற்று. ஜன்னல் வழியே என் ஸ்குவாடு கடைசி அணிவகுப்புக்கு ஒத்திகை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு கால் விரல்களால் டவலைச் சுருட்டும் உடற்பயிற்சி செய்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

திரும்ப ஓடிய விதத்தை எழுதலாம். வலியில்லாமல் அரை மணி நேரம் விறுவிறுவென நடக்க முடிந்த பிறகுதான் முதல் ஓட்டம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டு என்று ஒரு விதி சொல்வார்கள், அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு உதவியது வேறு: தூரம், வேகம், சுமை, தரை இந்த நான்கில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பையை ஏற்றிய வாரம் தூரத்தைக் கூட்டவில்லை. மண்ணிலிருந்து தார் சாலைக்கு வந்த வாரம் வேகத்தைத் தொடவில்லை. தீர்ப்பு சொன்னது மறுநாள் காலை. படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடியில் அந்த இடம் வலித்தால், நேற்றைய அளவு அதிகம். ஓடும்போது வலிக்கவில்லை என்பதை நான் இப்போது சாட்சியாகவே ஏற்பதில்லை, உடம்பு சூடாக இருக்கும்போது பொய் சொல்லும்.

மேலே இருப்பவர்களுக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. ஓடும் தூரத்தைக் குறைத்துப் பார்த்த ராணுவப் பயிற்சிகளில் காயங்கள் குறைந்தன, ஓட்டத் தேர்வின் நேரம் பெரிதாகக் கெடவில்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் பயிற்சி பெறும் பெண்களுக்கு இடுப்பெலும்பில் விரிசல் அடிக்கடி வந்தது. உயரமான ஆண்களோடு கால் சேர்க்க, உயரம் குறைந்த பெண்கள் அகல அடி வைக்க வேண்டியிருந்தது. அவரவர் அடியில் நடக்க விட்டு, வேகத்தையும் கொஞ்சம் தணித்ததும் அந்த விரிசல்கள் வெகுவாகக் குறைந்தன. குட்டையான ஆணுக்கும் இது பொருந்தும். நான் எங்கள் வரிசையில் கடைசியிலிருந்து இரண்டாவது உயரம்.

இரண்டாவது பேட்ச்சில் பார்த்தது வெயில். என் பக்கத்துக் கட்டில்காரன் எங்களிலேயே நல்ல ஓட்டக்காரன். அன்று எட்டாவது கிலோமீட்டரில் வரிசையை விட்டு இடது பக்கமாக விலகி விலகி ஓடினான். "டேய், உள்ள வாடா" என்றேன். திரும்பிப் பார்த்து, தன் அம்மாவிடம் பேசுவது போல ஏதோ சொன்னான். திமிராகப் பேசுகிறான் என்று நினைத்து முன்னால் போனவன் திட்டினான். அடுத்த நூறு மீட்டரில் விழுந்தான். உடம்பெல்லாம் வியர்வை. ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பத் தாக்கு, என்றால் வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் படித்திருந்தோம். அது வயதானவர்களுக்கு வெயில் அலையில் வருவதற்குச் சரி. ஓடி ஓடி வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பான். பார்க்க வேண்டியது மூளையை: உளறல், கோபம், தள்ளாட்டம், பெயர் கேட்டால் தடுமாற்றம்.

அன்று அவன் பிழைத்ததற்குக் காரணம் எங்கள் பயிற்சியாளர். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்கவில்லை. ஆடையைக் கழற்றி, ஓட்டம் முடியும் இடத்தில் தயாராக வைத்திருந்த தொட்டியில் ஐஸ் தண்ணீருக்குள் கழுத்துவரை இறக்கி, அக்குளுக்கடியில் துணியைச் சுற்றி ஒருவர் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகும் முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் வண்டி. உள்உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறினால், முதல் அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். வாயிலோ நெற்றியிலோ வைக்கும் வெப்பமானி இதில் ஏமாற்றும். ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு, கூச்சத்துக்கு அங்கே இடமில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்த இடங்களில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் 2013 ஜூலையில், பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில் சிறப்புப் படைத் தேர்வுக்காக 16 மைல் சுமை நடை நடத்தியபோது மூன்று பேர் வெப்பம் தாங்காமல் இறந்தார்கள். குளிர்ந்த நாடு என்று நாம் நினைக்கிற இடம் அது. வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது, ஈரப்பதமும் வெயிலும் சேர வேண்டும். அமெரிக்க மரைன் பயிற்சி முகாமான பாரிஸ் தீவில் ஆட்கள் சுருண்டு விழுந்துகொண்டே இருந்ததால், 1950-களில் இதற்காக ஒரு அளவீட்டை உருவாக்கினார்கள். டபிள்யு.பி.ஜி.டி. என்பது அதுதான். அதில் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பத்துக்கு 70 சதவீதம், வெயிலைக் காட்டும் கறுப்புக் கோளத்துக்கு 20, நிழல் வெப்பத்துக்கு வெறும் 10. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகும், உடம்பு குளிராது. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். காய்ச்சலோ பேதியோ வந்து எழுந்த இரண்டு நாளில் முழு ஓட்டம் ஓடுவது இருப்பதிலேயே மோசமான யோசனை.

இதற்குப் பிறகு எங்கள் பாரக்ஸில் எல்லோரும் பயந்துபோய்த் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தார்கள். அதுவும் ஆளைக் கொல்லும். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போகும், பார்ப்பதற்கு நீர் வற்றியது போலவே இருப்பதால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுப்பார்கள். அமெரிக்க ராணுவமே 1998-ல் தன் விதியைத் திருத்தி மணிக்குச் சுமார் 1.4 லிட்டர், நாளுக்குச் சுமார் 11 லிட்டர், அதற்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. அது உச்சவரம்பு, இலக்கு இல்லை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள்.

சிறுநீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தண்டனையாக நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழ வைத்தார்கள். மறுநாள் தொடை வீங்கி, கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சிறுநீர் பாலில்லாத டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்தேன். தசை நார்கள் உடைந்து அவற்றிலுள்ள மையோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் ராப்டோமயோலிசிஸ் அது. 1940-41-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததும் இதே வழியில்தான். எனக்கு மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள், சிறுநீரகம் தப்பியது. நெடுநடைக்குப் பிறகு சிறுநீர் சிவப்பாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பாதம் தரையில் அடிபடும்போது ரத்தச் சிவப்பணுக்கள் நசுங்குவது. 1881-லேயே ஒரு ஜெர்மன் சிப்பாயிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். எது எது என்று நிறத்தை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கொப்புளத்துக்கு: ஈரமான சாக்ஸை மாற்றுங்கள், சூடு தெரிந்த உடனே டேப் ஒட்டுங்கள், தோலை உரிக்காதீர்கள். சாப்பாட்டுக்கு: பயிற்சிக் காலத்தில் எடை இறங்குவதைப் பெருமையாகப் பேசாதீர்கள். செலவழிக்கிற சக்திக்குச் சாப்பாடு போதாவிட்டால் உடம்பு முதலில் கைவிடுவதில் எலும்பும் ஒன்று. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் அதை ஓட்டத்தின் சகஜமான விளைவு என்று விடக் கூடாது, அது எச்சரிக்கை. அமெரிக்கக் கடற்படையில் பயிற்சி பெறும் பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்துச் செய்த ஆய்வில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் சுமார் 20 சதவீதம் குறைந்தது.

இப்போது என் இடது கால் எலும்பில், அந்தப் பொத்தான் இடத்தில், ஒரு சின்ன மேடு இருக்கிறது. வலி இல்லை. போன பயிற்சிக் காலத்தில் புதிதாக வந்த ஒருவன் இரவில் என் கட்டிலோரம் வந்து நின்றான். "அண்ணா, கால் வலிக்குது, போய்ச் சொன்னா பேட்ச் போயிடுமா?" என்றான். எங்கே வலிக்கிறது, காட்டு என்றேன். உள்ளங்கையால் இரண்டு முன்னங்கால்களையும் மேலிருந்து கீழே தடவினான். ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கும்படி அவனுடைய பயிற்சியாளரிடம் கேட்கச் சொல்லி, என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். கேட்பதற்கு முன்னாலேயே குனிந்து ஒரு விரலை வைத்தான். நான் எழுந்து அவனுடைய பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். மருத்துவ அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.